கம்பவுண்டர் சிவனாண்டியின் கச்சேரி

கம்பவுண்டர் சிவனாண்டிக்குப் பாட வராது. கொஞ்சம்கூட வராது. எண்ணெய் போடாத சைக்கிள் ஒரு சத்தம் போடுமே, அது அவர் குரலைவிட இனிமையாக இருக்கும். இது அவருக்கே தெரியும். அதனால் அவர் குளிக்கும்போதுகூட வாயைத் திறப்பதில்லை.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், சங்கரன்கோவிலில் ஒரு தெரு முழுக்க அவரைப் பெரிய பாடகர் என்று நம்பியது. நம்ப வைத்தவள் ஆவுடை. வயது பதினொன்று. அவள் அதைப் பாதி வாயாலும் பாதி தொடையாலும் செய்தாள்.

அது எப்படி என்று கேட்டால், முந்தின வருஷத்துப் புரட்டாசியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தப் புரட்டாசியில் ஆவுடைக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சாதாரணத் தாகம் இல்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்ததற்குச் சமமாகக் கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். வட்டில் நிறையச் சோறு தின்றாள். ஆனாலும் பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுக்கி விழுந்தது.

அம்மா பார்வதியம்மாள் கண்ணேறு கழித்தாள். கோயில் புற்று மண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலேயே ஆவுடை மயங்கி விழுந்தாள். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா நெல்லைநாயகம், பேனாவை மூடக்கூட மறந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

அங்கே பெரிய டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குழந்தைக்குச் சர்க்கரை வியாதி. உடம்பில் இன்சுலின் என்று ஒன்று சுரக்க வேண்டும். இவளுக்குச் சுரக்கவில்லை. நாம்தான் ஊசி மூலம் கொடுக்க வேண்டும். தினமும்.”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?” என்று கேட்டாள் அம்மா.

“தினமும்.”

“அதான், எத்தனை நாளைக்கு?”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “தினமும்தான் அம்மா,” என்றார் மெதுவாக.

பத்து நாள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது அவர்களிடம் ஒரு புதுப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு கண்ணாடி ஊசிக்குழல், இரண்டு எஃகு ஊசிகள், சின்ன மருந்துப் புட்டி, ஒரு சாராய விளக்கு, ஒரு சீசா நீலத் தண்ணீர்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கும் ஊசி நூல் மாதிரி மெல்லிசு. அந்தக் காலத்து ஊசியை நான் வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தால் எனக்கே தொடை வலிக்கும். முனை மழுங்கினால் சாணைக் கல்லில் தீட்டிக்கொள்வார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஆவுடை வீட்டின் காலை இப்படித்தான் விடிந்தது. முதலில் நீலத் தண்ணீர். ஒரு சோதனைக் குழாயில் அதை ஊற்றி, ஆவுடையின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, சாராய விளக்கில் காட்ட வேண்டும். நிறம் மாறாமல் நீலமாகவே இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் என்றால் அம்மா அழுவாள்.

“பச்சை! பச்சைக் கொடி! வண்டி போகலாம்!” என்று அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி கத்துவார். என்ன நிறம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுவதும் அவர்தான்.

அதற்குள் அம்மா கண்ணாடிக் குழலையும் ஊசியையும் ஒரு சின்னச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பாள். மருந்துப் புட்டி அடுக்களை மூலையில், ஈர மணல் நிரப்பிய பானைக்குள் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பானையில் தண்ணீர் தெளிப்பது ஆவுடையின் வேலை. சித்திரை வெயிலிலும் அவள் ஒரு நாள்கூட மறந்ததில்லை.

சரியாக ஏழு மணிக்குத் தெருமுனையில் சைக்கிள் மணி அடிக்கும். அரசாங்க வைத்தியசாலைக் கம்பவுண்டர் சிவனாண்டி வருவார். பெரிய மீசை, பெரிய கை, சின்னக் குரல்.

“கண்ணை மூடிக்கோ மக்கா. பத்து எண்ணு. மாமா இருக்கேன்லா?” என்பார். ஆவுடை மூன்று எண்ணுவதற்குள் ஊசி போட்டு முடித்திருப்பார். மீதி ஏழை அவரே எண்ணுவார்.

அதன்பிறகு கால் மணி நேரத்தில் நாலு இட்லி. அஞ்சு இல்லை, நாலு.

இதில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். யாருக்கும் தெரியக் கூடாது.

“பொட்டப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். இப்பிடி வியாதின்னு வெளிய தெரிஞ்சா யாரு இவளைக் கட்டுவா?”

“என்னைய எதுக்கும்மா கட்டணும்? நான் என்ன மாடா?” என்றாள் ஆவுடை.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த சிவனாண்டி, ஆவுடையின் தலையில் கை வைத்தார். “கோமதியம்மன் மேல சத்தியம் தங்கச்சி. எம் பெண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டேன். போதுமா?”

அவர் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டுச் சுந்தரம்மாளுக்குக் கண் இருந்ததே!

ஒரு நாள் தெருக் குழாயடியில் அவள் கேட்டாள்: “ஏட்டி பார்வதி, கம்பவுண்டர் தெனமும் உங்க வீட்டுக்கு வாராரே, யாருக்கு மேலுக்குச் சரியில்ல?”

அம்மாவின் கையில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. நாக்கு அவசரத்தில் கையில் கிடைத்த பொய்யை எடுத்துக்கொண்டது. “அதுவா அக்கா? அவரு... எங்க வீட்டுக்காரககிட்ட பாட்டுப் படிக்க வாராரு.”

நெல்லைநாயகம் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பஜனை பாடுகிறவர். நல்ல குரல். ஆகவே சுந்தரம்மாள் நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மா விஷயத்தைச் சொன்னதும் அப்பா தலையில் கை வைத்தார். “வேற பொய்யே கெடைக்கலையாட்டி உனக்கு? சீட்டு வெளையாட வாராருன்னு சொல்லியிருக்கலாம்லா?”

“நல்லா இருக்கு! குடும்ப மானம் என்னத்துக்கு ஆவுது?”

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! மறுநாளிலிருந்து கம்பவுண்டர் உள்ளே நுழைந்ததும் அப்பா சாமி பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார். பாட்டு மெல்ல மெல்ல ஏறும். அது உச்சிக்குப் போகிற நேரத்தில் உள்ளே ஊசி இறங்கும்.

“ஆ... ஆஆ... ஆஆஆ!”

இது ஆவுடை.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த சுந்தரம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். ‘அடேயப்பா! ஒரு ஆம்பிளைக்கு இப்பிடி ஒரு குரலா? என்னமா மேல போவுது!’

அன்று மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் பக்கத்துத் தெருவுக்கும் தெரிந்தது. சிலர் ஏழு மணிக்கு அந்தப் பக்கமாகப் பால் வாங்கப் போவதுபோல நடந்து, அந்த ஒரு உச்சக் குரலைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பால்காரர் வீடு எதிர்த் திசையில் இருந்தது என்பது வேறு விஷயம்.

இப்படியே பத்து மாதம் ஓடியது. ஆவுடை தேறிவிட்டாள். பாவாடை இடுப்பில் நின்றது. பொய்யும் நின்றது.

கோமதியம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு இரண்டு வாரம் முந்தி, எண்ணெய்ச் செக்கு ஆறுமுகச்சாமி வெற்றிலைத் தட்டோடு வந்தார். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தார் செலவு. அதற்கு மண்டகப்படி என்று பெயர். ஆறாம் நாள் மண்டகப்படிக்கு இவர்தான் பெரியவர். அவர் வந்தபோது ஊசி போட்டு முடிந்து, சிவனாண்டி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“கம்பவுண்டரே, ஆறாம் நாள் எங்க பந்தல்ல நீரு பாடுதீரு!”

காப்பி சிவனாண்டியின் மூக்கு வழியாக வந்தது. “நானா?”

“பின்ன, உம்ம சைக்கிளா?”

“அண்ணாச்சி, எனக்குப் பாட்டெல்லாம்...”

“அடக்கமா பேசாதீரும் வே! ஊரே சொல்லுது. பத்து மாசமா படிக்கீரு. பாட வராதுன்னா தெனமும் காலம்பற இங்கன வந்து என்னதான் செய்யுதீரு?”

அப்பா தொண்டையைச் செருமினார். அடுக்களை வாசலில் அம்மா நின்றாள். அவள் முகம் கொதிக்க வைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது.

சிவனாண்டி அம்மாவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆவுடையைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார்.

“பாடுதேன் அண்ணாச்சி.”

இரண்டே நாளில் ரோஸ் நிறத்தில் நோட்டீஸ் வந்துவிட்டது. ‘இன்னிசை மணி சிவனாண்டி அவர்களின் பக்திக் கச்சேரி.’ பட்டத்தை ஆறுமுகச்சாமியே கொடுத்திருந்தார்.

கம்பவுண்டரின் மனைவி பிச்சம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இளையரசனேந்தலில் இருந்த தன் அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். இரண்டு வில்வண்டி நிறைய ஆட்கள் வருவதாகப் பதில் வந்தது.

சிவனாண்டி வைத்தியசாலையின் பின் அறையில் பாடிப் பழகினார். வயிற்று வலி என்று வந்து காத்திருந்த ஒருவர், “எனக்குச் சரியாப் போச்சு,” என்று எழுந்து போய்விட்டாராம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆவுடையே ஒரு நாள் அந்தப் பாட்டைக் கேட்டாள். சாலையில் போன ஒரு காளை நின்று திரும்பிப் பார்த்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. அவ்வளவு பெரிய மனிதர் ஒரு மருந்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

‘எல்லாம் என் ஒருத்தியாலதான்,’ என்று நினைத்தாள்.

அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கத்துவதால்தானே வினை? இனிமேல் கத்தவே கூடாது. மறுநாள் ஊசி இறங்கியபோது பாவாடை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுந்தரம்மாள் மிளகுப்பால் செம்போடு ஓடி வந்தாள். “கம்பவுண்டருக்குத் தொண்டை கட்டிக்கிடுச்சோ? இன்னைக்கு அந்த மேல் குரலே கேக்கலையே! ஆறாம் நாளைக்குள்ள சரியாவணுமே சாமி!”

சிவனாண்டி முழுச் செம்பையும் குடிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் கஷாயம் வந்தது. அதற்கு மறுநாள் ஏதோ ஒரு பச்சிலைச் சாறு. ‘நீ பேசாமக் கத்திரு மக்கா,’ என்று அவர் ஆவுடையிடம் கண்ணால் கெஞ்சினார்.

ஆவுடை இரண்டாவது வழி யோசித்தாள்.

“மாமா, ஊசி போட எனக்குச் சொல்லித் தாங்க. நானே போட்டுக்கிட்டா நீங்க வர வேண்டாம்லா? நீங்க வராட்டா பாட்டும் இல்ல.”

“அது நல்ல யோசனைதான். என்னைக்கா இருந்தாலும் நீயே கத்துக்கிடணும்லா? ஆனா கச்சேரிக்கு இன்னும் எட்டு நாள்தானே மக்கா இருக்கு,” என்றார் அவர். இருந்தாலும் சொல்லிக் கொடுத்தார். முதலில் வெறும் தண்ணீரை இழுத்து, கத்தரிக்காயில் போட வேண்டும். குழலுக்குள் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. குழலில் போட்டிருக்கும் புள்ளிக் கணக்குத் தப்பக் கூடாது. ஆவுடைக்குப் பதினாறு புள்ளி.

ஆவுடை ஒரு வாரத்தில் இருபது கத்தரிக்காய்களுக்கு ஊசி போட்டாள். எண்ணெயில் போட்ட கத்தரிக்காய் ஏன் இப்படி வெடிக்கிறது என்று அம்மா கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள்.

ஆனால் கத்தரிக்காய் வேறு, சொந்தத் தொடை வேறு. ஊசியைத் தன் பக்கம் திருப்பினால் கை பாதி வழியில் நின்றுவிடும். தினமும் நின்றது.

“மாமா, பாட மாட்டேன்னு சொல்லிருங்களேன். எனக்காக எதுக்கு நீங்க?”

சிவனாண்டி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “சொன்னா அவரு ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா உங்க அம்மைக்குக் கஷ்டம். நான் ஒரு நாள் ராத்திரி நாலு பேரு சிரிக்க நிக்கப் போறேன். அவ்வளவுதானே? சிரிச்சா நான் தேஞ்சா போயிருவேன்?”

தேயமாட்டார்தான். ஆனால் நாலு பேரா சிரிப்பார்கள்? அன்றைக்குப் பந்தலில் நாலாயிரம் பேர் இருப்பார்கள். இரண்டு வில்வண்டி மச்சினன்மார் வேறு.

ஆறாம் நாள் விடிந்தது. தூரத்தில் கோயில் நாகசுரம் கேட்டது. சோதனைக் குழாயில் பச்சை வந்தது. சட்டியில் குழல் கொதித்து முடிந்தது. சிவனாண்டி மருந்தை இழுக்கிற நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது.

“நெல்லைநாயகம்! கதவைத் தொறங்க! சாயங்காலக் கச்சேரிக்கு இப்ப ஒத்திகை கேக்க வந்திருக்கோம்!” ஆறுமுகச்சாமியின் குரல். கூடவே சுந்தரம்மாளும்.

அம்மா பதறினாள். மருந்து ஏற்றிய குழலைத் தட்டோடு அடுக்களைக்குள் தள்ளினாள். சாராய விளக்கை அணைத்து முறத்தால் மூடினாள். “நீ உள்ளேயே இரு. அவுக போன பொறவு பாத்துக்கிடலாம்,” என்று ஆவுடையின் காதில் சொன்னாள்.

வந்தவர்கள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சீக்கிரம் எழுந்திருக்கிற உட்காரலாகத் தெரியவில்லை.

“ம், ஆரம்பியும் கம்பவுண்டரே. அந்த மேல் குரல் ஒருக்க வந்தாப் போதும். கேட்டுட்டுப் போயிருதோம்,” என்றார் ஆறுமுகச்சாமி.

சிவனாண்டி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நெற்றி வேர்வை மீசையில் இறங்கியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடுக்களைக் கதவிடுக்கில் ஆவுடை அந்த முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த முகம். மாமா முதல் நாள் அந்தத் தடித்த ஊசியை எடுத்தபோது அவளும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மாமா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தனியாக விடவும் இல்லை.

ஆவுடை தட்டை எடுத்தாள்.

“எங்கட்டி போற?” அம்மா கையைப் பிடித்தாள்.

“விடும்மா.”

“ஆவுடை, வேண்டாம்...”

“அம்மா, மாமா பாவம்மா.”

அம்மாவின் பிடி தளர்ந்தது. ஆவுடை நடந்து போய், எல்லோருக்கும் நடுவில் தட்டை வைத்து உட்கார்ந்தாள்.

“மாமாவுக்குப் பாட வராது,” என்றாள். “எனக்குச் சர்க்கரை வியாதி. தெனமும் ஊசி போடணும். அதுக்குத்தான் மாமா வாராக. நீங்க கேட்ட மேல் குரல் என்னுது. வலிச்சா கத்துவேன்.”

ஆவுடை கண்ணாடிக் குழலைத் தூக்கிப் பிடித்தாள்.

“மாமா, பதினாறு சரியா இருக்கான்னு பாருங்க.”

சிவனாண்டி குனிந்து பார்த்தார். “சரியா இருக்கு மக்கா. குமிழி இல்ல,” என்றார்.

ஆவுடை பஞ்சால் தொடையைத் துடைத்தாள். தோலைச் சேர்த்துப் பிடித்தாள். கை கீழே இறங்கியது. வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு கணம் நின்றது. அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கை நிற்கவில்லை.

அவள் கத்தவும் இல்லை. சத்தமாகப் பத்துவரை எண்ணினாள். பத்தையும் அவளே எண்ணினாள். ஊசியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“போட்டாச்சா? முடிஞ்சிதா?” என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், ஆறுமுகச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். செக்கு உலக்கையை ஒற்றைக் கையால் தூக்குகிற மனிதர்!

“முடிஞ்சிது அண்ணாச்சி, திரும்புங்க,” என்றார் சிவனாண்டி. அந்த மாதத்தில் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி பார்வதி! பத்து மாசமா இதை நெஞ்சுக்குள்ளயே வச்சிக்கிட்டா இருந்த? நான் என்ன அசலா? என்கிட்டச் சொல்லக் கூடாதா?”

“உங்க வாய்க்குப் பயந்துதான் அக்கா சொல்லல.”

சுந்தரம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “அதுவும் சரிதான்,” என்றாள்.

ஆறுமுகச்சாமிக்கு இப்போதுதான் தன் கவலை ஞாபகம் வந்தது. “அது கெடக்கட்டும், நோட்டீஸ் குடுத்தாச்சே வே! சாயங்காலம் யாரு பாடுவா?”

“எங்க அப்பா பாடட்டும். நல்லாவே பாடுவாக,” என்றாள் ஆவுடை.

“கம்பவுண்டர் ஏன் பாடலன்னு சனம் கேக்குமே? நான் என்னத்தச் சொல்ல?”

“உள்ளதைச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ஆவுடை அம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தட்டில் கிடந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மொதல்ல சாப்பிட வா,” என்றாள் கடைசியில். “ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும். சனத்துக்குச் சொல்லுததை அண்ணாச்சி சொல்லிக்கிடுவாக.”

அன்று சாயங்காலம் தேரடிப் பந்தலில் உட்கார இடமில்லை. வாசுதேவநல்லூர், குருவிகுளம் என்று சுற்றுப்பக்கத்து ஊரெல்லாம் வந்திருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் புஸ்ஸென்று எரிந்தன. ஆறுமுகச்சாமி மேடையேறி, ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“மகாஜனங்களே! நம்ம கம்பவுண்டர் இன்னைக்குப் பாட மாட்டாரு. அவருக்குப் பாட வராது. நம்ம நெல்லைநாயகம் மகளுக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பிள்ளைக்குப் பத்து மாசமா ஒரு நாள்கூட விடாம ஊசி போட்டவரு இவரு. ஒருத்தர்கிட்ட மூச்சு விடல. சொன்ன சொல்லுக்காக, பாட வராமலே பாட வந்தாரு வே இந்த மனுசன்! இன்னைக்குக் காலம்பற அந்தப் பிள்ளை தனக்குத்தானே ஊசி போட்டுக்கிடுச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

அந்தக் கடைசி வரி மட்டும் உண்மையில்லை. ஆவுடை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தில் எங்கிருந்தோ ஒருவர் கை தட்டினார். பிறகு நாலாயிரம் பேரும் தட்டினார்கள். சிவனாண்டி எழுந்து எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கும்பிட்டார். பிச்சம்மாள் தன் அண்ணன்மாரிடம், “எனக்கு அப்பவே தெரியும், இவுகளுக்காவது பாட்டாவதுன்னு,” என்று சொன்னாள். சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் நின்றது.

அப்பா பாடினார். அன்றைக்கு அவர் பாடியதுபோல அதற்கு முன்பும் பாடியதில்லை, பின்பும் பாடியதில்லை என்று அந்தத் தெருவில் பேச்சு.

பாட்டு முடிந்ததும் பிரசாதம் வந்தது. நெய் ஒழுக ஒழுகச் சர்க்கரைப் பொங்கல். பரிமாறிய பையன் ஆவுடை முன்னால் வந்து ஒரு தொன்னையை நீட்டினான். உண்மையைச் சொன்னால், ஆவுடையின் கையும் லேசாக நீண்டுதான் இருந்தது.

“ஏலே! அந்தப் பிள்ளைக்குக் குடுக்காத!”

இது சுந்தரம்மாள். “அவளுக்கு வேண்டாம்ல!” இது மூன்று வரிசைக்குப் பின்னாலிருந்து பிச்சம்மாள். “லேய், சர்க்கரை, சர்க்கரை!” இது ஆண்கள் பக்கத்திலிருந்து ஆறுமுகச்சாமி. பையன் பயந்துபோய்ப் பொங்கல் வாளியோடு ஓடியே போனான். முன்பின் தெரியாத ஒரு பாட்டி தன் தொன்னையிலிருந்த சுண்டலை ஆவுடையின் கையில் கவிழ்த்து, “நீ இதைத் தின்னு தாயி,” என்றாள்.

ஆவுடை பெருமூச்சு விட்டாள். இனிமேல் இந்த ஊரில் ஒரு துண்டு வெல்லத்தைக்கூட ஒளித்துத் தின்ன முடியாது.

திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா யாருக்கும் பயந்த மாதிரித் தெரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், திருவிழா பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் கைக்குழந்தைக்குப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அம்மா அவள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள்: “இவதான் எம் மக. ஊசி இவளே போட்டுக்கிடுவா!”